குளுவாங்குக்கு முதல் ரயில் வந்த ஆண்டு

மலாயாவின் குளுவாங் ஊரில் ரயில்வே கிளார்க் சிவசம்புவின் இளைய மகள் யோகத்துக்குச் சரித்திரப் பித்துப் பிடித்தது 1931இல். "நடந்தபோதே எழுதியது முதல் சான்று, பின்னால் வேறு யாரோ எழுதியது இரண்டாம் சான்று" என்று பள்ளியில் ஆசிரியை சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் எவரும் வாய் திறக்க முடியவில்லை. மீன் இன்று பிடித்தது என்று மீன்காரர் சொன்னால், "பிடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?" என்பாள். பாவம் அந்த மனிதர், வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினார்.

ஊருக்கு முதல் ரயில் வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. புத்தகம் 1909 என்றது. யோகம் சிரித்தாள். முதல் ரயில் கூவிய காலையில்தான் அக்கா ஞானேஸ்வரி பிறந்தாள் என்று அம்மா செல்லப்பாக்கியம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அக்காவின் சாதகமோ 1911 என்றது. பிறந்தபோதே எழுதியதல்லவா சாதகம்? அச்சடித்த புத்தகத்தையே மடக்கிவிட்ட குதூகலத்தில் யோகம் குசினி அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தார்கள். பொருத்தம் பார்த்தாயிற்று, சம்மதம் சொல்வதுதான் பாக்கி. மாப்பிள்ளை தியாகராஜாவைக் கோயிலில் கண்ட நாள் முதல் ஞானேஸ்வரிக்கு அவன்மேல் உயிர். அவள் கொண்டுவந்த தேநீரில் பாதி தட்டில் கிடந்தது. பேச்சு தொய்ந்தபோது, மகளின் கெட்டித்தனத்தைக் காட்டும் ஆசையில் சிவசம்பு யோகத்தின் கட்டுரையை வாசிக்கச் சொன்னார்.

"ஆகவே புத்தகம் பிழை. முதல் ரயில் வந்த அன்று பிறந்த என் அக்காவின் சாதகமே சான்று" என்று கணீரென்று முடித்தாள் யோகம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் கதிரேசு தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அந்த ரயிலில கார்டா கொடி பிடிச்சு வந்தது நான்தான். ஒன்பதாம் ஆண்டுதான்."

நேரில் கண்ட சாட்சி. யோகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப அக்காவுக்கு இருபது இல்லை, இருபத்திரண்டு" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அக்காவின் கண் கலங்கியது. செல்லப்பாக்கியம் கூரையைப் பார்த்தாள். கல்யாணம் கையை விட்டுப் போயிற்று என்றே யோகம் நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதலில் சிரித்தது கதிரேசுவின் மனைவி. "சாதகம் எழுதினது சிரம்பான் சாத்திரியார்தானே?" என்று கேட்டாள். செல்லப்பாக்கியம் மெல்லத் தலையாட்டினாள். "எங்கட மகனுக்கும் அவர்தான். அவனுக்கும் ரெண்டு வயசு குறைச்சுத்தான் எழுதினவர். கணக்குச் சரி, தாலிக்கு நாள் பாருங்கோ."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கட்டுரையைத் திருத்தி எழுதிய யோகம், பின்னாளில் ஆசிரியையாகி, எதை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்கும்படி வகுப்பு வகுப்பாகச் சொன்னாள்.

அவள் முதன்முதலாக அப்படிக் கேட்டது அம்மாவிடம்தான். "என்ர சாதகத்தில இருக்கிற வருசம் உண்மையோ, அம்மா?"

"முதல்ல மாப்பிள்ளை வரட்டும்" என்றாள் செல்லப்பாக்கியம். "அவற்ற வயசைப் பாத்துச் சொல்லுறன்."