அம்சவல்லியின் அரிப்புக்கு எத்தனை மார்க்?

வடக்குப்பட்டு அம்சவல்லிக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. மணிக்கொரு தரம் அளவெடுத்துத் தாளில் குறிக்க வேண்டும். ஆமாம், குறித்துக் கிழித்தார்கள்! ஷிஃப்ட் முடியும்போது எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவதுதான் அந்த லைனின் வழக்கம்.

ஒரு வருடமாக அவளுக்கு உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் அரிப்பு. தோலில் ஒரு தடிப்பும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிறது, அரிப்பு அதனால்தான் என்றார் சென்னை டாக்டர். கரப்பான் என்னும் தோல் நோய்க்கு ஏற்கெனவே போடும் ஓர் ஊசி இதற்கும் கேட்குமா என்று அவருடைய ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது ஊசி போடும் நர்ஸ் ரஞ்சனிக்கே தெரியாதாம்.

"உங்களுக்கே தெரியாதா சிஸ்டர்? இன்னா கூத்து இது!" என்று சிரித்தபடியே அம்சவல்லி சேர்ந்துவிட்டாள். ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தினமும் காலையில் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். மகராசி என்ன செய்தாள்? பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதினாள். ஒன்பதில் தொடங்கி அழகாக இறங்கி மூன்றில் நின்றது. ஆடிட்டுக்கே வைக்கலாம், அவ்வளவு லட்சணம்.

"நல்லா குறைஞ்சிருக்கேக்கா!" என்று ரஞ்சனி பூரித்துப்போனாள். "இதையெல்லாம் வச்சுத்தான் மத்தவங்களுக்கும் கொடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க."

அம்சவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் எத்தனை பேர் தன்னைப் போலத் தூங்காமல் கிடக்கிறார்களோ!

"சிஸ்டர், அத்தனையும் பொய். லைன்ல எழுதுற மாதிரியே பஸ்ல குந்திகினு எழுதிட்டேன். அரிப்பு அப்படியேதான் கீது. என்னை இந்தச் சோதனைலேர்ந்து எடுத்துடுவீங்களா?"

டாக்டர் அந்தப் பதினான்கு நாளையும் நம்பத்தகாதவை என்று குறித்தார். இன்னொரு முறை நடந்தால் எடுத்துவிடுவேன் என்று கண்டித்து அனுப்பினார்.

அதன்பிறகு பல் துலக்குமுன் நோட்டைத் திறந்தாள். ஒன்பது. எட்டு. மறுபடி ஒன்பது. "எனக்குத் தண்ணிதான் போட்டாங்களோ?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஆறாம் வாரம் ஒருநாள் கணவன் மோகன் அவளை உலுக்கி எழுப்பினான். "கம்பெனி பஸ் போயிடும்மே, எழுந்திரு!"

அடேயப்பா, தூங்கியிருக்கிறாள்! உள்ளங்கையில் லேசான நமைச்சல் மட்டுமே. நோட்டை எடுத்தாள். மூன்று என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பேனா நகரவில்லை. அன்றைக்குப் புளுகிய அதே மூன்று, இப்போது யார் நம்புவார்கள்? ஐந்து என்று போட்டால் நம்புவார்கள்.

மூன்று என்றே எழுதினாள். உடனே ரஞ்சனிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், மருந்தோ தண்ணியோ எனக்குத் தெரியாது. இன்னைக்கு மூணு. சத்தியமா மூணு, நம்புங்க சிஸ்டர்."