எங்கள் விண்கலத்தில் இருந்த ஒரே மனிதர்

முதல் ஷிப்டுக்காகக் கம்பெனி கேட்டில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. பிரஸ் ஷாப் முனிராஜ் அண்ணன் ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளியில் தம் வீட்டிலேயே மாரடைப்பில் காலமாகிவிட்டார். அப்படியே உத்தனப்பள்ளிக்குக் கிளம்பினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார்க் கதவுக்கான தகடுகளை அழுத்தும் மெஷினில் பல வருடங்கள் நின்றவர். வீட்டில் தெலுங்கு, மாமியாரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். சில சமயம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் சாத்தூர்க்காரன், தரப் பரிசோதனையில் வேலை. சினிமாப் பைத்தியம் முற்றி, மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறை நாட்களில் அரை மணி நேர அறிவியல் புனைகதைப் படம் ஒன்றை எடுத்தேன். விண்கலத்தில் தன்னோடு பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்த ரோபோவின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவன் பூமிக்குக் கிளம்ப வேண்டும். கதை அவ்வளவுதான்.

தளியில் ரோஜாப்பூ வைக்கும் குளிர் அறைதான் விண்கலம். தண்ணீர் டிரம்தான் ரோபோ. கதாநாயகன் வராமல் காலை வாரிவிட, டிரம்மைத் தூக்க வந்திருந்த முனிராஜ் அண்ணனையே நிறுத்தினேன்.

சுவிட்சை அணைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவரோ பையிலிருந்து வேஸ்ட் துணியை எடுத்து டிரம்மை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். பிறகு அதன்மேல் கை வைத்து, "சாக்கு, நீ படுத்துக்கோ" என்றார்.

"கட்! எந்தச் சாக்குண்ணே, அரிசிச் சாக்கா?" என்று நான் கத்த, எல்லோரும் சிரித்தோம்.

அவரும் சிரித்தார். "கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம் சார். வாய்ல வந்துட்டுது."

"துடைக்கச் சொல்லவே இல்லையே?"

"ஷிப்ட் முடிஞ்சா மெஷினைத் தொடைக்காம எப்பிடி சார் போறது?"

எத்தனை முறை எடுத்தாலும் 'சாக்கு'தான் வந்தது. டப்பிங்கில் அவர் குரலையே நீக்கிவிட்டேன். கணீரென்று பேசும் நண்பர் ஒருவரை வைத்து, "போதும், ஓய்வு கொள்" என்று பேச வைத்தேன். எதிர்காலத்து மனிதன் ஓசூர்த் தமிழா பேசுவான் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கம்பெனி ஹாலில் படத்தைப் போட்டோம். டிரம்மைப் பாராட்டினார்கள், குரலைப் பாராட்டினார்கள். முனிராஜ் அண்ணன் பெயரை யாரும் எடுக்கவில்லை. மேடையில் நானும் எடுக்கவில்லை. அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"மொகம் நம்முது, கொரல் அவுருது. ஜோடி நல்லாத்தான் இருக்கு சார்."

கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அன்று டிரம்மை அவர் அவ்வளவு பிரியமாகப் பார்த்திருக்காவிட்டால் அது வெறும் தண்ணீர் டிரம்தான். அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி மஞ்சுளா அக்கா என்னைக் கூப்பிட்டார். "போன்ல அவுரு கொரலே இல்லைங்க. படத்துக்குப் பேசினது உங்ககிட்ட இருக்குமில்ல?"

இல்லை. இடம் அடைக்கிறதென்று அந்த ஒலிப்பதிவை எப்போதோ அழித்திருந்தேன். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"படத்தையாவது போடுங்க. அந்த ஆளோட கொரலை மட்டும் நிறுத்திடுங்க" என்றார்.

காரியம் முடிந்த அன்று, உறவினர்கள் கிளம்பிய பிறகு, லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓடவிட்டேன். சிறிது நேரத்தில் அக்கா மெதுவாகப் பேசத் தொடங்கினார். திரையில் அண்ணனின் உதட்டைப் பார்த்து, ஒவ்வொரு வசனத்தையும் அவர் பேசிய மாதிரியே சொன்னார். நான் ஒட்டவைத்த செந்தமிழ் அந்த உதட்டில் ஒருபோதும் ஒட்டியிருக்கவில்லை.

கடைசிக் காட்சி. ரோபோவை அணைத்துவிட்டு வாசலில் திரும்பி நிற்கிறார், வாய் அசைகிறது. ஏதோ முணுமுணுக்கிறார் என்று அந்த இடத்தை நான் இசையைப் போட்டு மூடியிருந்தேன். அங்கே அக்கா நிறுத்திவிட்டார்.

"என்னக்கா சொல்றாரு?"

"'உன்னைத் தனியா உட்டுட்டுப் போறேன், கோவிச்சுக்காதே'ன்றாரு."

பிறகு திரையைப் பார்த்து, "கோவமில்லீங்க" என்றார்.

அண்ணே, அக்காவுக்கு உங்கள்மேல் கோபமில்லையாம். என்மேல் உங்களுக்கு இருந்ததா என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை. போய் வாருங்கள்.