பிரசாதம் வாங்குகிற மாதிரி

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் வார்டில் நர்ஸாகச் சேர்ந்தேன். ஒரு பேனா டார்ச்சும் ரப்பர் சுத்தியலும் கொடுத்தார்கள். அவற்றை வைத்து மண்டைக்குள் நடப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்! எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கியது, முழங்காலில் தட்டினால் கால் உதைத்தது. சாவியால் உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் எந்தப் பக்கம் வளைகிறது என்பதில் மூளையின் சேதி இருந்தது. ஹாஸ்டல் அறைத்தோழியின் காலை நான் கீறாத நாள் இல்லை. அவள் தலையணையால் அடிப்பாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கை நீட்டும் சோதனை. நோயாளி கண்ணை மூடி, உள்ளங்கைகளை மேலே பார்க்கவைத்து, இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். நான் பத்து எண்ணுவேன். மூளையின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், மறுபக்கத்துக் கை மெல்ல உள்ளே திரும்பிக் கீழே இறங்கும். பிடியில் வலு இருக்கும்போதே, அவருக்கே தெரியாமல் இறங்கும்.

இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கையை நீட்டுங்கள் என்றால் சிலர் கும்பிட்டார்கள், சிலர் நாடி பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாள் காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்று அல்சூரிலிருந்து ஒருவர் சேர்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர். அப்போது ஒன்றுமில்லை, இப்போது தலைவலி. எங்களிடம் ஸ்கேன் மெஷின் கிடையாது. மறுநாள் காலை வேறிடத்தில் எடுக்க ஏற்பாடு. அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் பார்த்துக் குறிக்க வேண்டும். ஏதாவது மாறினால் உடனே சொல்ல வேண்டும்.

"ஐயா, பிரசாதம் வாங்குற மாதிரி கைய நீட்டுங்க" என்றேன்.

உடனே நீட்டினார். கண்ணை மூடினார். கை அசையவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று என நான்கு முறையும் நீல மையில் 'நார்மல்' என்று எழுதினேன்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். அவர் மனைவி கோயில் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்து நீட்டினார். கணவர் இடது கையை நீட்டினார்.

"ஐயோ, விபூதிய யாராவது இடது கையில வாங்குவாங்களா? சும்மனே வெளயாடாதீங்க."

"வலது கை கொஞ்சம் சோம்பலா இருக்கு" என்று சிரித்தார். பிறகு மனைவிக்குப் பயந்து வலது கையை எடுத்து, அதன் அடியில் இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, முறைப்படி வாங்கினார்.

காலையிலிருந்து நான் பார்த்ததும் அதே கைகளைத்தான். நல்ல கை கீழே இருந்து தாங்கிக்கொண்டிருக்க, மேலே இருந்த கை எப்படி இறங்கும்? எந்தக் கோயிலிலும் நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். அது தெரியாதவளா நான்?

"ஐயா, ரெண்டு கையையும் தனித்தனியா நீட்டுங்க. கண்ண மூடுங்க."

நாலு எண்ணுவதற்குள் வலது உள்ளங்கை உள்ளே திரும்பியது. ஏழில் போர்வையைத் தொட்டது. விபூதி சிந்தியது. அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, நேராக நீட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன். டாக்டர் வந்து பார்த்து உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார். ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில், இடது பக்கம், பிறை வடிவில் ரத்தம் தேங்கியிருந்தது. அன்று மாலையே மண்டையில் துளைபோட்டு வெளியேற்றினார்கள். காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எதையும் கேட்காமல் விடாத நான்.

வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். அந்த நாலு வரியையும் அடிக்கவிடவில்லை. கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஐயா எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினார். மனைவி ஒரு டப்பாவில் கோயில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தார். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு தடவை பார்த்தும் கோட்டைவிட்டது நான்தான் என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். ஐயா டப்பாவை வாங்கித் திறந்தார்.

நான் கை நீட்டினேன். வலது கை மேலே, இடது கை அடியில்.

"அப்படி இல்ல சிஸ்டர்" என்றார். "தனித்தனியா நீட்டுங்க. கண்ண மூடுங்க. பத்து எண்ணப் போறேன்."

கண்ணை மூடி நீட்டினேன். நிதானமாக எண்ணினார். ஒன்பதில் உள்ளங்கையில் பொங்கல் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். கரண்டி அவருடைய வலது கையில் இருந்தது.