ஏழு சடையன்கள்

கரும்பலகையை அழிக்கும் முன் "எல்லாரும் எழுதிட்டீங்களா?" என்று கேட்பது பள்ளி நாளிலிருந்தே சுவேதாவின் பழக்கம். தன் ஊரின் நிலமனுக்களைச் சரிபார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கு, மனுக்களை அழிக்கும் கருவி என்ன செய்யும் என்ற விளக்கத்தை அவள்தான் எழுதினாள். "இரட்டைப் பதிவுகளை நீக்கும்" என்றதோடு விட்டுவிட்டாள். எது இரட்டை, அழித்தால் திரும்ப வராது, முதலில் கேள் என்றெல்லாம் எழுதவில்லை.

தலைப்பிள்ளைக்குக் குலசாமி பெயர் வைக்கும் ஊரில் ஏழு சடையன்கள். ஏஜென்ட், ஒருவரின் மனுவை வைத்துக்கொண்டு மற்ற ஆறு பேரின் மனுக்களை அழித்தது. மனு கொடுக்கும் கெடுவும் முடிந்தது.

ஜமுனாமரத்தூர் சந்தையில் அந்த ஆறு பேரில் ஒருவர் அவளை மறித்தார். "எம் மனு இன்னாம்மா ஆச்சு?"

"ஒரே பேருன்னு கம்ப்யூட்டரு அழிச்சிடுச்சி பெரிப்பா."

"அதுக்குத் தெரியாது, சரி. ஒனக்குமா தெரியாது?"

பேருந்து வந்ததாகச் சொல்லி நழுவினாள். 'நான்தான் சரியாக எழுதவில்லை' என்ற ஒரு வாக்கியம் அவருக்கு இன்னும் பாக்கி.