கம்பத்தில் கிடைத்த பிஷ் அண்ட் சிப்ஸ்

தேங்காய் எண்ணெய் காயும் வாசம்... அதில் சீவிய நேந்திரங்காய் விழும்போது எழும் அந்தச் சடசடப்பு. இன்றைக்கும் அது காதில் விழுந்தால் போதும், கம்பத்தில் பஸ் நிற்கும் அந்தப் புளியமரத்தடிக்குப் போய்விடுவேன்.

நான் பேசப் பேச இந்த ஃபோனே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் ஃபோனைத் திட்டுங்கள். நூறை எட்டிப் பார்க்கிற வயதில் என்னைத் திட்டாதீர்கள்!

கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போனார். ஜெர்மன்காரனிடம் கைதியாக இருந்து, சண்டை ஓய்ந்ததும் விடுதலையாகி, இங்கிலாந்தில் கொஞ்ச காலம் கூடாரத்தில் தங்கிவிட்டு, ஒருவழியாக வீரபாண்டிக்கு வந்து சேர்ந்தார்.

வந்தது உடம்பு மட்டும்தான். பேச்சில்லை, சிரிப்பில்லை. ஒரு தட்டு கீழே விழுந்தால் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிடுவார். சோற்றைப் பிசைவார், பிசைவார்... வாய்க்குப் போகாது.

"எம்புள்ள கண்ணு முன்னாலயே கரையுறானே ஆத்தா" என்று மாமியார் கௌமாரியம்மனிடம் அழுவார். எனக்கு அழுகைகூட வரவில்லை, பயம்தான். இந்த மனுஷன் இப்படியே போய்விடுவாரோ என்று.

ஒருநாள் மீன் பொரித்து வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தானாக வாய் திறந்தார்.

"வெளிய விட்டதும் அங்கன பிஷ் அண்ட் சிப்ஸ்னு ஒண்ணு குடுத்தாக. மாவுல முக்கிப் பொரிச்ச மீனு. பேப்பர்ல சுத்தி... கை பொசுங்குற சூட்டுல. அது நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பிய பிறகு அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். அது எங்கே இருந்தாலும் வாங்கிக் கொடுத்தே தீருவது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஹோட்டலுக்குக் கிளப்புக்கடை என்று பேர். பெண்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

"ஏத்தா, கிளப்புக்கடை கிளப்புக்கடையா ஏறி எறங்கப் போறியா? ஊரு சிரிக்காது?" என்றார் மாமியார்.

"சிரிச்சா சிரிக்கட்டும் அத்தை. ஒங்க மகன் திங்கணும்ல."

தேனியில் கேட்டேன். "சிப்பியெல்லாம் நாங்க வாங்குறதில்லம்மா, மீன் கொழம்பு இருக்கு" என்றார்கள். சின்னமனூரில் ஒருவர் ரொம்ப யோசித்து, மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல மனுஷன்!

கடைசியாக, அப்போது அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கம்பம் போனேன். தட்டுச் சத்தம் அவருக்கு ஆகாது. அதனால் அவரைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ராவுத்தர் கடைக்குள் நுழைந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆம்பிளைகளும் கையைச் சோற்றில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன், ராவுத்தருக்கும் தெரியவில்லை. ஆனால் விரட்டவில்லை. "பட்டாளத்துல இருந்து வந்த மாப்பிள்ளைக்கா? இரு தாயி" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். குமுளிக்காரச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். எஸ்டேட் பங்களாவில் சமைத்தவராம்.

"சிப்ஸோ? தொரைமாரு நம்ம உப்பேரியத்தான் அங்ஙன பறயும். நேந்திரங்கா வறுத்தது!"

எனக்கு வந்த சந்தோஷம்! ஆற்றுக் கெண்டையைப் பஜ்ஜி மாவில் முக்கிப் பொரித்தார். சுடச்சுட உப்பேரி போட்டார். வாழையிலையை எடுத்தவரை, "பேப்பர்லதான் கட்டணும்ணே" என்று தடுத்தேன். புளியமரத்தடிக்கு ஓடியே போய் என் வீட்டுக்காரர் மடியில் பொட்டலத்தை வைத்தேன்.

பிரித்தார். வட்டமாக ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது?"

"சிப்ஸுங்க."

"வாழக்காயில்ல இது?"

"தொரைமாரே இதத்தான் சிப்ஸுன்னு சொல்றாகளாம்."

"கெழங்கு புள்ள... உருளைக்கெழங்கு!"

எனக்கு வந்ததே கோபம். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

கட்டின புருஷனை நடுத்தெருவில் அப்படிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார்.

தோள் குலுங்க, கண்ணில் தண்ணி வர, பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் வராத அழுகை.

அப்புறம் மீனைக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார். "அங்கன மீனுல முள்ளே இருக்காது." கெண்டையில் முள் இல்லாமல் இருக்குமா? நான் மாவைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சதையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன... ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். உப்பேரியையும்தான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மீன் பஜ்ஜியும் உப்பேரியும் சேர்ந்தால் அதற்குப் பேர் பிஷ் அண்ட் சிப்ஸ். முள் எடுப்பது அவர் இருந்தவரை என் வேலை.

இப்போது தேனியிலேயே ஏசி ரெஸ்டாரண்டில் கிடைக்கிறது. பொம்பளை உள்ளே வந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நல்லதுதான். போன மாதம் மகள் கூட்டிப்போனாள். மகளுக்கே தலை நரைத்துவிட்டது. மீனில் முள் இல்லை. பக்கத்தில் நீளநீளமாக உருளைக்கிழங்கு. அவர் சொன்ன அதே சாமான்தான்.

எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, கெழங்க வச்சிருக்கீக... சிப்ஸ் எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பரிமாறிய பையன் முழித்தான். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்... அவர் சிரிக்கிறாரா என்று.