அத்தை பாடிய அடுத்தவள் பாட்டு

எங்கள் அத்தையின் பேரைச் சொன்னால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீ சும்மாவே கிடைக்கும் என்று அப்பா பெருமையடிப்பார். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை. பம்பையையும் பறையையும் கிடாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் ஏற்றி, காலேஜ் பிள்ளைகள் எழுந்து ஆடும்படி நாட்டுப்பாட்டைப் பாடியவள் அவள். அவளுடைய மிளகாய்ப் பாட்டு ஒலிக்காத கல்யாணம் எங்கள் பக்கம் கிடையாது. அப்படிப்பட்டவள், நான் ஐந்தாவது படித்த வருஷம் ஒரு சி.டி. போட்டாள். அதில் ஒன்றுகூட அவள் பாட்டு இல்லை. அத்தனையும் இன்னொருத்தியின் பாட்டு.

அந்த இன்னொருத்தி அத்தையின் பழைய ஜோடி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே மைக்கில் பாடினவர்கள். பாட்டுக் கட்டுவது அவள், குரலால் அதைத் தூக்கிக்கொண்டு போவது அத்தை. டி.வி.க்காரர்கள் வந்து ஒருத்தி போதும் என்றார்கள். அத்தை போனாள். அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் ஊர் ஏரிக்கு அந்தாண்டை ஊரில்தான் அந்த ஜோடி வாழ்க்கைப்பட்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போன அத்தையைப் படியேற விடவில்லை. உன் பாட்டைப் பாடட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டதற்கு, "எப்டியோ போ" என்று பதில் வந்ததாம். முதல் சி.டி.யை அவளுக்குத்தான் கொடுத்தனுப்பினாள் அத்தை. பிரிக்காமலே திரும்பி வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? சொந்தச் சரக்கு தீர்ந்துபோயிற்று என்று ஒரு பத்திரிகை எழுதியது. மிளகாய்ப் பாட்டுக்கு ஆடியவர்கள், இதற்குத் தூக்கம்தான் வருகிறது என்றார்கள். பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னிடம் துக்கம் விசாரித்தார். பள்ளிக்கூடத்தில் இதற்காக இரண்டு பேரைக் கிள்ளி வைத்தேன். அத்தையோ எல்லோருக்கும் ஒரே சிரிப்பையே பதிலாகக் கொடுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அத்தை முதல் நாளே வந்துவிட்டாள். வந்ததும் மைக்செட்காரரிடம் போய், கூம்பு ஸ்பீக்கரில் ஒன்றை ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னாள். அங்கே ஆடு மாடுதான் கேட்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அத்தை விடவில்லை. கையில் கொடுத்த சி.டி.யைத் திருப்பி அனுப்பலாம், காற்றில் வருவதை எப்படித் திருப்பி அனுப்புவாள் என்பது அத்தையின் கணக்கு.

காலையில் சி.டி. ஓட ஆரம்பித்தது. மூன்று பாட்டு வரை ஜனங்கள் பொறுத்தார்கள். அப்புறம் கூழ் வாங்க நின்ற வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"இன்னாய்யா இது, எழவு வூடு மாதிரி கீது? மொளகா பாட்டப் போடுய்யா!"

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. நேராக மைக்செட்டிடம் போய் சி.டி.யை நிறுத்தக் கையை நீட்டினார். அத்தை ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாண்ணா, ஓடட்டும்."

"ஊரே காறித் துப்புது. உனக்கு இன்னாம்மா இவ்ளோ புடிவாதம்?"

"ஊருக்கா பாடுனேன்? அவ ஒருத்தி கேட்டா போதும்ண்ணா."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். சி.டி. முழுக்க ஓடி, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. அத்தை ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கூழ்ப்பானை அடி தட்டும் நேரத்தில், காய்ந்து கிடந்த ஏரிக்குள் குறுக்கே விழுந்து ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். தூக்கிச் செருகிய புடவை, கையில் களைக்கொட்டு. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த கோலம். அத்தையின் பழைய ஜோடியேதான். நேராக அத்தையின் எதிரில் வந்து நின்று போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்!

"ஏண்டி, அறிவு கீதா உனுக்கு? ரெண்டாவது பாட்ட இன்னாத்துக்கு அப்டி இழுத்துக்கினு கீற? புள்ள பொறந்த வூட்டுப் பாட்டுடி அது! ஒப்பாரி வெச்சிக்கினு கீற!"

ஐயோ, திட்டுவதற்கு இவளும் ஒருத்தி வந்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் திட்டினது போதாதா, வெயிலில் ஏரியைத் தாண்டி வந்து வேறு திட்ட வேண்டுமா? அத்தை இந்தத் தடவை சிரிக்கவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அவளை வேப்பமர நிழலில் உட்கார வைத்து, என்னைக் கூழ் கொண்டுவரச் சொன்னாள். தொட்டுக்கொள்ள வெங்காயம்கூட இல்லாமல் வெறும் கூழை நங்கென்று வைத்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"சரி, மூணாவது?" என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதப் பத்திப் பேசாத, எனுக்கு வயிறு எரியுது."

"பரவால்ல, சொல்லுடி. நாலாவது?"

இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினாள். யாராவது வந்து அத்தையைக் காப்பாற்ற மாட்டார்களா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டையும் திட்டி முடித்து அந்த அம்மாள் களைக்கொட்டை எடுத்தபோது, அத்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்து, "போவாத. மொதல் பாட்டுலேர்ந்து இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை. பாவம், சி.டி. விற்காத துக்கத்தில் அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல ஒரே ஓட்டமாக ஓடினேன்.