போத்தல் ரபார்பரும் சனிக்கிழமைத் திறப்பும்

சுவிஸின் சூக் நகரில் பணம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று எங்கள் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். அது கீழ்வீட்டு ஃப்ரௌ புஹரின் ஏப்ரன் பைக்குள் ஒரு சாவியாக, எங்கள் பேச்சில் திறப்பாகத் தொங்கியது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை, அதற்குள் ஒரேயொரு மெஷின். எந்தக் குடும்பம் எந்த நாளில் அழுக்குப் போக்கலாம் என்று தீர்மானிப்பவர், கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட ஃப்ரௌ புஹர்.

என் எதிர்வீட்டு றஞ்சினிக்கு வாய்த்தது செவ்வாய்க்கிழமை. றஞ்சினி யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. பகலெல்லாம் ஒரு கந்தோரில் மேசையும் தரையும் துடைக்கிற வேலை. புருஷன் டெஸ்மன்ட் ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவினார். மண்ணில் புரள்வதையே தொழிலாகக் கொண்ட இரண்டு பிள்ளைகள். தோய்க்கும் முறை வரும்போதெல்லாம் அவள் லீவு கேட்க, இன்னொரு செவ்வாய் லீவு கேட்டால் பிறகு எல்லா நாளும் லீவுதான் என்று மேற்பார்வைக்காரன் சொல்லிவிட்டான். என் வியாழனை அவளுக்குக் கொடுக்கலாம் என்றால், அதுவும் அவளுக்கு வேலைநாள்தான். போதாததற்கு, ஆளுக்காள் நாள் மாற்றுவது அந்தக் கட்டடத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். அவளுக்கு வேண்டியது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமையோ மேல்மாடி சூட்டர் ஐயாவிடம் இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஃப்ரௌ புஹர் தன் தோட்டத்து ரபார்பரில் ஒரு கட்டைக் கொண்டுவந்து றஞ்சினியின் கையில் வைத்தார். சிவந்த தண்டு, குடைபோல இலை, பல் கூசுகிற புளிப்பு. இந்த நாட்டில் அதைச் சீனியில் அவித்து, மாவில் பரப்பி, 'வேயெ' என்று ஒரு பேஸ்ட்ரி சுடுவார்கள். கொடுக்கும்போது ஃப்ரௌ புஹர் விரலை ஆட்டி ஏதோ எச்சரித்தார். றஞ்சினியின் ஜெர்மனுக்கு அதில் இரண்டு சொற்கள் அகப்பட்டன: இலை, சாப்பிட. இடையில் கிடந்த 'கூடாது' மட்டும் நழுவிவிட்டது. தண்டை ஒதுக்கி வைத்து, இலையைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தாள். பிள்ளைகள் கீரை என்றால் ஓடுகிற இனம், தப்பிவிட்டன. டெஸ்மன்ட் புருஷ லட்சணத்தோடு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டு, மறுநாள் முழுக்கக் குளியலறையிலேயே குடியிருந்தார்.

அன்றோடு றஞ்சினிக்கு அந்தச் செடியே பேய். தண்டு நல்லது என்று தலைகீழாக நின்று சொன்னேன், கேட்கவில்லை. ஆனால் ஃப்ரௌ புஹர் வேயெ எங்கே என்று கேட்பாரே. கடையில் போத்தலில் அடைத்த ரபார்பர் களி விற்றார்கள். உருட்டி மடித்த மாவும் விற்றார்கள். அவள் கை பட்டது போத்தல் மூடியிலும் அடுப்புத் திருகியிலும்தான். ஃப்ரௌ புஹர் ஒரு துண்டு சாப்பிட்டுக் கண்ணை மூடினார். தன் ரபார்பரின் அருமை இந்தக் கட்டடத்தில் ஃப்ரௌ டெஸ்மன்டுக்கு, அதாவது திருமதி டெஸ்மன்டான றஞ்சினிக்கு, மட்டும்தான் தெரியும் என்று படிக்கட்டில் நின்று பிரசங்கம் செய்தார். பிறகு கிழமைக்கு ஒரு கட்டு வந்தது. குப்பையில் போட்டால் ஃப்ரௌ புஹர் கிளறிப் பார்ப்பார் என்பதால் தண்டெல்லாம் என் வீட்டுக்கு வந்து மீன்குழம்புக்குப் புளியானது. பயம் அவளுக்கு, குழம்பு எனக்கு.

அந்த நேரம் பார்த்து சூட்டர் ஐயா மகளோடு வாழப் போனார். சனிக்கிழமை காலியானது. ஃப்ரௌ புஹர் றஞ்சினியைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிறு வேயெ கொண்டுவா, சாப்பிட்டுக்கொண்டே திறப்பு விஷயம் கதைப்போம் என்றார்.

போத்தலை வாங்கி வேலையை முடித்திருக்கலாம். விதி, அந்தச் சனிக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. றஞ்சினி பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, போத்தல் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"பிள்ளை, பொய் சொல்லி வாங்கிற திறப்பு உமக்கு எந்தக் கதவைத் திறக்கும்?" என்று சுவாமியார் கேட்டாராம்.

நிலவறைக் கதவை என்று நான் சொல்லியிருப்பேன். அவள் அழுதுகொண்டு வந்து, "சுகந்தியக்கா, இந்தமுறை உண்மையா அவ தந்த தண்டிலதான் செய்யப்போறன். எப்பிடி எண்டு சொல்லித் தாங்கோ" என்றாள்.

சீவினோம், நறுக்கினோம், சீனி போட்டு அவித்தோம். விரல் நகமெல்லாம் கறுத்தது. பயத்தை அடக்கிக்கொண்டு அவள் முதல் கரண்டியைத் தானே வாயில் வைத்தாள். எனக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது. சுட்டு எடுத்ததில் நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது, புளிப்பும் தூக்கலாக இருந்தது. இருந்தாலும் நேர்மையான வேயெ.

ஃப்ரௌ புஹர் ஒரு வாய் வைத்தார். முள்ளுக்கரண்டியைக் கீழே போட்டார்.

"ஃப்ரௌ டெஸ்மன்ட், இது கடைப் போத்தல். என் ரபார்பரின் ருசி எனக்குத் தெரியாதா? உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை."

றஞ்சினி தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்துப் பார்த்தாள். கறுத்த விரலைக்கூடக் காட்டினாள். ஃப்ரௌ புஹர் கதவைத் திறந்து பிடித்தார். சனிக்கிழமையை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும் என்றார்.

வந்து என் குசினியில் அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள். வேலை போகப்போகிறதே என்று அழுதாள். அதைவிட, ஒருநாளும் இல்லாதவாறு உண்மையாக இருந்த நாளில் கள்ளி என்று பேர் வாங்கினேனே என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழவியின் தோட்டத்தையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் றஞ்சினி மூக்கைத் துடைத்தாள்.

"நாளைக்குக் கடை எத்தினை மணிக்குத் திறக்கும் அக்கா?" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு வேயெயோடு கீழே போனாள். போய் வெகு நேரம். நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தவளின் கையில் திறப்பு இருந்தது. முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

"என்ன சொன்னவ?"

"இதுதான் என்ர ரபார்பர் எண்டு ரெண்டு துண்டு சாப்பிட்டவ. ஆனா நான் மன்னிப்புக் கேட்டாத்தான் திறப்பு எண்டிட்டா."

"என்னத்துக்கு மன்னிப்பு?"

"நேற்று போத்தல்ல எடுத்துப் போட்டனான், இனிமேல் செய்யமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கிக்கொண்டு வாறன்."

"அப்ப சுவாமியாரிட்ட என்ன சொல்லப்போறீர்?"

றஞ்சினி திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டாள். "சுவாமியார் வந்து என்ர உடுப்பைத் தோய்ச்சுத் தருவாரோ அக்கா?" என்றாள்.